ஆசிரியர்: நானே

நண்பர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தனக்கென ஒரு வலைப்பதிவை வைத்து எழுதிவருகிறார். படித்த நூல்களைப் பற்றிய குறிப்புகள், தன் ஊரின் குளங்கள், கோயில்கள், மறைந்துபோன மனிதர்கள் பற்றிய நினைவுகள். அண்மையில் சந்தித்தபோது சற்றுச் சலிப்புடன் கேட்டார்: “அங்கே எழுதினால் நாற்பது பேர் படிக்கிறார்கள். அதையே சமூக வலைத்தளத்தில் போட்டால் ஒரு மணி நேரத்தில் நானூறு பேர் பார்த்துவிடுகிறார்கள். பிறகு எதற்காக இந்தக் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டவேண்டும்? மூடிவிட்டு ஒரேயடியாக அங்கே போய்விட்டால் என்ன?”

போகவேண்டாம் என்றுதான் நமக்குச் சொல்லத் தோன்றியது. ஆனால் ஏன் என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால், பழக்கத்தைத் தவிர வேறு காரணம் எதையும் நம்மால் சொல்லியிருக்க முடியாது. பழக்கம் ஒரு வாதம் ஆகாது. ஆகவே வரலாற்றில் தேடினோம். இந்தக் கேள்வியைத் தனி மனிதராக அல்லாமல் ஒரு மொழிச்சமூகமாகவே எதிர்கொண்டு, இடம் பெயர்ந்து, அதன் விளைவையும் அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாரசீக மொழியில் எழுதுபவர்கள். ஈரானின் வலைப்பதிவுகளுக்கு 2001 முதல் நேர்ந்தவற்றை அறிந்தால், நண்பரின் கேள்வி வெறும் வசதி சார்ந்த கேள்வி அல்ல என்பது புரியும்.

*

1997 மே மாதம் ஈரானின் அதிபராக முகம்மது கதாமி தேர்ந்தெடுக்கப்பட்டார். அதைத் தொடர்ந்து பத்திரிகைகளுக்கு ஒரு குறுகிய வசந்தம் வந்தது. சீர்திருத்தம் பேசிய நாளிதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. ஒன்று மூடப்பட்டால் அதே எழுத்தாளர்கள் வேறு பெயரில் இன்னொன்றைத் தொடங்கினார்கள். 2000 ஏப்ரலில் இந்த வசந்தம் முடிந்தது. உச்சத் தலைவர் கமேனி அந்த இதழ்களுள் சிலவற்றை எதிரியின் தளங்கள் என்று கண்டித்துப் பேசினார். அடுத்த சில நாட்களிலேயே நீதித்துறை பன்னிரண்டுக்கும் மேற்பட்ட இதழ்களை மூடியது. எழுதப் பழகிய ஒரு தலைமுறையும் படிக்கப் பழகிய ஒரு தலைமுறையும் ஒரே வாரத்தில் நடுத்தெருவில் நின்றன.

அப்படி நின்றவர்களுள் ஒருவர் ஹொசைன் தெரக்‌ஷான். இணையத்தைப் பற்றிச் சீர்திருத்த நாளிதழில் பத்தி எழுதிவந்த இருபத்தைந்து வயது இளைஞர். 2000ஆம் ஆண்டின் இறுதியில் அவர் கனடாவின் டொரன்டோவுக்குக் குடிபெயர்ந்தார். 2001 செப்டம்பர் 7 அன்று சல்மான் ஜரிரி என்ற கணினி நிரலாளர் ஈரானிலிருந்து பாரசீக மொழியின் முதல் வலைப்பதிவை வெளியிட்டார். அதே மாதத்தில் தெரக்‌ஷானும் தன் வலைப்பதிவைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆசிரியர்: நானே’ என்ற பொருள் தருவது. ஆசிரியர்கள் சிறைக்கும் இதழ்கள் பூட்டுக்கும் போய்க்கொண்டிருந்த ஒரு நாட்டின் பத்திரிகையாளர் அப்படிப் பெயர் வைத்தது விளையாட்டுக்காக மட்டும் இருந்திருக்காது.

இலக்கிய வாசகர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல. 1876இல் தஸ்தயேவ்ஸ்கி பிறருடைய இதழ்களை விட்டு விலகி, ‘எழுத்தாளனின் நாட்குறிப்பு’ என்ற மாத இதழைத் தானே எழுதித் தானே வெளியிட்டார். வியன்னாவின் பெரிய நாளிதழ் தனக்கு அளித்த இடத்தை மறுத்துவிட்டு கார்ல் கிராவுஸ் 1899இல் ‘தி ஃபாக்கெல்’ இதழைத் தொடங்கினார். 1911இன் இறுதிக்குப் பிறகு அதன் பக்கங்களை அவர் ஒருவரே நிரப்பினார். இறந்த ஆண்டான 1936 வரை அதை நிறுத்தவில்லை. நம் மொழியில் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியதும் பெரும் இதழ்களின் கூட்டத்துக்கு வெளியே ஒரு முகவரி வேண்டும் என்பதற்காகவே. வலைப்பதிவு இந்தப் பழைய ஆசையைத் தாள் செலவும் அஞ்சல் செலவும் இல்லாமல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அவ்வளவே அதன் புதுமை.

ஆனால் பாரசீகத்துக்கு ஒரு தடை இருந்தது. வலமிருந்து இடமாக எழுதப்படும் அந்த எழுத்துகளைக் கணினித் திரையில் கொண்டுவருவது அன்று எளிதாக இல்லை. பலர் ரோமன் எழுத்துகளில் பாரசீகம் எழுதினார்கள். சிலர் பக்கத்தையே படமாக்கி இட்டார்கள். தமிழில் பல எழுத்துருக் குறியீடுகளுக்கு நடுவே நாம் தடுமாறிய நாட்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒருங்குறியையும் 1999இல் வந்திருந்த ‘பிளாக்கர்’ சேவையையும் இணைத்துப் பாரசீகத்தில் எழுதுவது எப்படி என்று ஒரு செய்முறை விளக்கத்தை 2001 நவம்பரில் தெரக்‌ஷான் எழுதி வெளியிட்டார். வாசகர்கள் கேட்டதால் எழுதிய எளிய குறிப்புதான். அதைப் பின்பற்றிச் சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் எழுதத் தொடங்கினார்கள். 2002இல் ஈரானுக்குள்ளேயே பாரசீக வலைப்பதிவுகளுக்கென ஒரு சேவை தோன்றியது. அதன்பின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகியது.

*

என்ன எழுதினார்கள்? அரசியல் எழுதினார்கள் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. காதலைப் பற்றியும் திரைப்படங்களைப் பற்றியும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன கதையைப் பற்றியும் எழுதினார்கள். பெண்கள் தம் உடலையும் மனத்தையும் பற்றிப் புனைபெயர்களில் எழுதினார்கள். ‘சூரியப் பெண்மணி’ என்று பொருள்படும் பெயரில் 2001இலேயே எழுதத் தொடங்கியவர் அவர்களுள் முன்னோடி. அச்சு இதழ்களில் இடம்பெறவே முடியாத அன்றாடம் அங்கே எழுத்தானது. துணை அதிபர்களுள் ஒருவரான முகம்மது அலி அப்தாஹி என்ற மதகுரு 2003இல் வலைப்பதிவு தொடங்கி, தான் கைப்பேசியில் எடுத்த படங்களையும் வெளியிட்டார். 2006 ஆகஸ்டில் அதிபர் அகமதிநெஜாத் தாமே ஒரு வலைப்பதிவைத் தொடங்கினார். அவரது முதல் பதிவின் நீளத்தை உலகமே கேலி செய்தது.

நமக்கு மிகவும் பழக்கப்பட்ட ஒரு சண்டையும் அங்கே நடந்தது. இலக்கிய வலைப்பதிவு நடத்திவந்த ரேசா ஷொக்ரொல்லாஹி, வலைப்பதிவர்கள் இலக்கணத்தையும் எழுத்துமுறையையும் சீரழிக்கிறார்கள், இது ஒரு கீழ்மை என்று எழுதினார். உடனே பெரும் விவாதம் மூண்டது. மொழி யாருடைய சொத்து, பேச்சை அப்படியே எழுதினால் தவறா, பிழையின்றி எழுதத் தெரியாதவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா என்று இரு தரப்பும் மோதிக்கொண்டன. அலிரேசா தூஸ்த்தார் என்ற மானுடவியல் ஆய்வாளர் 2004இல் இந்தச் சண்டையைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். மரபின் காவலர்களுக்கும் புதிதாக எழுத வந்தவர்களுக்கும் இடையே தமிழில் நடந்த வாக்குவாதங்களைக் கண்டவர்கள் அதைப் படித்தால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அந்தச் சண்டை நடக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். ஒருவர் எழுதியது அவருடைய முகவரியில் நிலையாக இருந்தது. மறுப்பவர் அதற்குச் சுட்டி கொடுத்துத் தன் இடத்தில் மறுத்தார். மூன்றாமவர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடிந்தது.

2008இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையம் வெளியிட்ட ஆய்வு இந்தச் சுட்டிகளின் அருமையைக் காட்டியது. தொடர்ந்து எழுதப்பட்டுவந்த பாரசீக வலைப்பதிவுகள் அன்று ஏறத்தாழ 60,000 இருந்தன. ஆய்வாளர்கள் யார் யாருக்குச் சுட்டி கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடம் தயாரித்தார்கள். எதிர்ப்பாளர்களின் ஒற்றைக் கூட்டத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அதில் பல நிலப்பகுதிகள் தென்பட்டன. மதச்சார்பற்றவர்களும் சீர்திருத்தவாதிகளும் ஒரு பக்கம். பழமைவாதிகளும் மதப்பற்றாளர்களும் இன்னொரு பக்கம். இவற்றோடு பாரசீகக் கவிதைக்கும் இலக்கியத்துக்கும் என்றே ஒரு பெரிய தீவு. ஒரு சமூகத்தின் மனம், அதன் மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டிய விதத்தால் தானாக வரைந்துகொண்ட படம் அது. அந்தப் படத்தை எந்த நிறுவனமும் வரையவில்லை.

*

அரசு சும்மா இருக்கவில்லை. 2003 ஏப்ரலில் சினா மொத்தலெபி என்ற பத்திரிகையாளர் தன் வலைப்பதிவு எழுத்துக்காகக் கைது செய்யப்பட்டு எவின் சிறையில் தனிமையில் அடைக்கப்பட்டார். வலைப்பதிவுக்காகச் சிறை சென்றவர்களுள் உலகிலேயே முதன்மையானவராக அவரைச் சொல்வார்கள். 2004இல் மேலும் பலர் பிடிக்கப்பட்டார்கள். ஒமித்ரெசா மிர்சயாஃபி என்ற இளைஞர் பெரும்பாலும் பாரசீக இசையையும் பண்பாட்டையும் பற்றி எழுதியவர். தலைவர்களை அவமதித்தார் என்று அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2009 மார்ச் 18 அன்று எவின் சிறையில் அவர் இறந்தார். முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. வலைப்பதிவு என்ற சொல்லைச் சோம்பல் பொழுதுபோக்கு என்ற பொருளில் மட்டும் பயன்படுத்துபவர்கள் இந்த மரணத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

தெரக்‌ஷானும் பிடிபட்டார். அவரை மாசற்ற வீரராகச் சித்தரிப்பது நம் நோக்கம் அல்ல. 2006இல் இஸ்ரேலுக்குச் சென்று அதைப் பகிரங்கமாக எழுதியவர் அவர். பிறகு அகமதிநெஜாத் அரசை ஆதரித்தும், நாடுகடந்து வாழ்ந்த எதிர்ப்பாளர்களைக் கடுமையாகத் தாக்கியும் எழுதி நண்பர்கள் பலரை இழந்தார். 2008இல் ஈரானுக்குத் திரும்பிய சில வாரங்களில், நவம்பர் மாதம் கைதானார். 2010இல் அவருக்குப் பத்தொன்பதரை ஆண்டுச் சிறைத் தண்டனை அளிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகள் உள்ளே இருந்தபின், 2014 நவம்பரில் மன்னிப்பு பெற்று வெளியே வந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளில்தான் வெளியே எல்லாம் மாறியது.

*

ஃபேஸ்புக் 2004இல் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கி, 2006 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதே மாதத்தில்தான் அதன் செய்தியோடையும் வந்தது. அதுவரை ஒருவர் எழுதியதைப் படிக்க அவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஓடை வந்தபின் எல்லோர் வீட்டுப் பேச்சும் நம் வாசலுக்கே ஓடிவந்தது. பிறகு எது முதலில் வரவேண்டும், எது வரவே வேண்டாம் என்பதையும் அந்த ஓடையை வைத்திருப்பவர்களின் கணக்கே முடிவு செய்தது.

ஈரானியர்கள் ஏன் வலைப்பதிவை விட்டுப் போனார்கள் என்று கேட்டால், ஏமாந்து போனார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. அவர்களிடம் நல்ல காரணங்கள் இருந்தன. வலைப்பதிவுகளை அரசு வடிகட்டி மறைத்தது. முகவரி ஒன்றுதான் என்பதால் பூட்டுவதும் எளிது. கைதுகளால் வந்த அச்சம் இருந்தது. தெரிந்த முகங்கள் மட்டும் படிக்கும் இடத்தில் எழுதுவது பாதுகாப்பு என்று தோன்றியது. 2009 ஜூன் தேர்தலுக்குப் பிறகு தெருக்களில் நடந்ததைச் சொல்ல ஒருவருக்கு நிதானமான கட்டுரையைவிட உடனடியான ஒரு வரி தேவைப்பட்டது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அப்போது தடுக்கப்பட்டபோதும், தடையைத் தாண்டும் வழிகளைக் கண்டுபிடித்து மக்கள் அங்கேயே போனார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக எழுதுபவனின் அலுப்பு ஒன்று உண்டு. பதில் வராத கடிதங்களை எத்தனை நாள் எழுதுவது?

வழியில் ஒரு சத்திரமும் இருந்தது. பிறர் எழுதியதைத் திரட்டித் தரும் கூகுள் ரீடர் 2005இல் வந்தது. அதைத் தடுக்கவேண்டுமானால் அரசு கூகுளின் பிற சேவைகளையும் தடுக்கவேண்டியிருந்தது. அதனால் தடுக்கப்பட்ட வலைப்பதிவுகளையும் அதன் வழியாகப் படிக்க முடிந்தது. படித்ததைப் பகிரவும் உரையாடவும் அதில் வசதி இருந்தது. ஈரானியர்கள் அதை ஒரு தேநீர்க்கடையாகவே மாற்றிக்கொண்டார்கள், தங்களுக்குள் செல்லப்பெயரும் வைத்துக்கொண்டார்கள். 2011 இறுதியில், புதிதாகத் தொடங்கிய கூகுள் ப்ளஸ் தளத்தை வளர்ப்பதற்காக ரீடரின் பகிரும் வசதிகளை நிறுவனம் நீக்கியது. ஈரானியர்கள் முறையிட்டார்கள். பயன் இல்லை. 2013 ஜூலை 1 அன்று ரீடரே மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் ப்ளஸும் மூடப்பட்டது. ஒன்றை வளர்க்க இன்னொன்றைக் கொன்றார்கள். பிறகு வளர்த்ததையும் கொன்றார்கள்.

அதற்குள் ஈரானியர்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். டெலிகிராம் சேனல்களில் கோடிக்கணக்கானோர் கூடினார்கள். 2018 ஏப்ரல் 30 அன்று நீதிமன்ற ஆணையால் அது தடுக்கப்பட்டது. இன்ஸ்டாகிராமுக்குப் போனார்கள். மாசா அமினியின் மரணத்தைத் தொடர்ந்து 2022 செப்டம்பரில் போராட்டங்கள் வெடித்தபோது அதுவும் தடுக்கப்பட்டது. புதிய இடங்கள் பாதுகாப்பானவையாகவும் இருக்கவில்லை. ஃபேஸ்புக்கிலும் தன் வலைப்பதிவிலும் அரசைக் கண்டித்த சத்தார் பெஹெஷ்தி என்ற தொழிலாளி 2012 அக்டோபர் இறுதியில் கைதாகி, சில நாட்களில் காவலிலேயே இறந்தார். ஒவ்வொரு முறையும் மூட்டை கட்டும்போது எதையெல்லாம் எடுத்துச்செல்ல முடிந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. 2008இன் வரைபடத்தில் இருந்த தீவுகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. கவிதைத் தீவில் எழுதியவர்கள் கவிதையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் சுட்டிக்காட்டியதன் தடம் புதிய இடத்தில் பதியவில்லை.

*

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு கண் விழித்தவனின் கதை எல்லா மொழிகளிலும் உண்டு. தெரக்‌ஷான் அந்தக் கதையை வாழ்ந்தவர். வெளியே வந்ததும் மீண்டும் எழுதினார். எழுதியதன் சுட்டியை ஃபேஸ்புக்கில் இட்டார். மூன்றே மூன்று விருப்பக்குறிகள் கிடைத்தன. முதலில் தன்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று எண்ணியவர், பிறகுதான் புரிந்துகொண்டார். மறக்கப்பட்டது அவர் மட்டும் அல்ல, சுட்டி என்ற ஒன்றே மதிப்பிழந்துவிட்டது. தன் தளத்தைவிட்டு வெளியே போகும் கதவைச் சமூக வலைத்தளம் விரும்பவில்லை. அங்கேயே எழுதி, அங்கேயே படித்து, அங்கேயே இருப்பவனைத்தான் அது விரும்புகிறது.

2015 ஜூலையில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. சுட்டிகளால் பின்னப்பட்ட இணையம் நூல்களைப் போன்றது, ஓடையாகிவிட்ட இணையம் தொலைக்காட்சியைப் போன்றது என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் ஒரு முரணும் உண்டு. அந்தக் கட்டுரை வெளியானது மீடியம் என்ற தளத்தில். அதைத் தொடங்கியவர் ஈவன் வில்லியம்ஸ். பாரசீகர்கள் எந்தச் சேவையில் முதலில் எழுதப் பழகினார்களோ அந்த பிளாக்கரை 1999இல் உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். 2006இல் ட்விட்டரைத் தொடங்கியவர்களுள்ளும் ஒருவர். வீட்டைக் கட்டித் தந்தவரும் சந்தையை எழுப்பியவரும் ஒரே மனிதர். அந்த வீட்டையும் 2003இல் கூகுள் வாங்கிக்கொண்டது.

இதை மறைத்துவிட்டு நண்பரிடம் பேச நமக்கு உரிமை இல்லை. வலைப்பதிவும் முழுக்கச் சொந்த நிலம் அல்ல. 2007இல் ஒரு வழக்கு மிரட்டலுக்குப் பின், தெரக்‌ஷானின் தளத்தைத் தாங்கியிருந்த நிறுவனமே அதைக் கைவிட்டது. பெயருக்கு ஆண்டுக் கட்டணம், இடத்துக்கு வாடகை, இரண்டில் ஒன்றைக் கட்ட மறந்தாலும் வீடு போய்விடும். ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சொந்தப் பெயரில் முகவரி இருந்தால், எழுதியவற்றின் பிரதியும் கையில் இருந்தால், இடம் கொடுத்தவர் விரட்டினாலும் வேறொருவர் இடத்தில் அதே பெயர்ப்பலகையை மாட்டலாம். பழைய சுட்டிகள் அப்போதும் வேலை செய்யும். சமூக வலைத்தளத்தில் பெயர்ப்பலகையே அவர்களுடையது.

*

தமிழில் நமக்கு நேர்ந்தது இவ்வளவு கொடியது அல்ல. எழுதியதற்காக எவின் போன்ற ஒரு சிறை நம் வலைப்பதிவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் பாதை ஒன்றுதான். ஒருங்குறி கைக்கு வந்தபின் 2003இல் தமிழ் வலைப்பதிவுகள் தழைக்கத் தொடங்கின. 2004இல் காசி ஆறுமுகம் உருவாக்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி அவற்றை ஓரிடத்தில் காட்டியது. டொரன்டோவில் இருந்தவரும் யாழ்ப்பாணத்தில் இருந்தவரும் கோவையில் இருந்தவரும் ஒருவர் எழுதியதற்கு ஒருவர் அன்றிரவே மறுமொழி எழுதினார்கள். 2010இல் கூகுள் பஸ் வந்ததும் ஒரு கூட்டம் அதில் ஏறியது. அடுத்த ஆண்டின் இறுதியில் அந்தப் பேருந்து நின்றது. ப்ளஸுக்குப் போனவர்களின் எழுத்து 2019இல் போயிற்று. அதே ஆண்டின் இறுதியில் யாகூ குழுமங்களில் சேர்ந்திருந்த பழைய விவாதங்களும் அழிக்கப்பட்டன. தமிழ் இணையத்தின் முதல் பத்தாண்டுகளை எழுத வரும் ஆய்வாளர் இந்த இடங்களில் வெற்றுச் சுவரைத்தான் காண்பார்.

எதிர்ப்பக்கமும் சொல்லப்படவேண்டும். ஜெயமோகன் ‘வெண்முரசு’ நாவல் வரிசையை 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை, இருபத்தாறு நாவல்களாகத் தன் இணையதளத்தில் அன்றாடம் வெளியிட்டார். அந்த நாவல்களைப் பற்றிய கருத்து எவருக்கும் எப்படியும் இருக்கலாம். ஆனால் ஆறரை ஆண்டுகள் நாள்தோறும் ஒரே முகவரிக்கு வாசகர்கள் வந்து, நேற்றைய பகுதியைப் புரட்டிப் பார்த்து, இன்றையதைப் படிக்க முடிந்தது என்பது கருத்து அல்ல, நிகழ்ந்தது. ஓடையில் அப்படி ஒரு நூல் நிற்காது. நேற்று எழுதியதை ஓடை நாளையே கீழே தள்ளிவிடும்.

ஆகவே நாம் கண்டடைந்தது இதுதான். சந்தைக்குப் போவதில் தவறே இல்லை. மனிதர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் எழுத்தும் போகவேண்டும். 2009லும் 2022லும் ஈரானின் தெருக்களை உலகுக்குக் காட்டியது அந்தச் சந்தைதான். ஆனால் சந்தைக்குப் போகிறவன் வீட்டை விற்றுவிட்டுப் போவதில்லை. எழுதுவதை முதலில் தன் முகவரியில் வெளியிட்டு, பிறகு அதன் பிரதியையோ சுட்டியையோ பிற இடங்களில் பகிர்வது என்ற முறையை 2011 முதல் ஒரு சிறு இயக்கத்தினர் வலியுறுத்திவருகிறார்கள். ‘தனி வலை’ என்று தமிழில் அவர்கள் பெயரைச் சொல்லலாம். புதிய ஞானம் ஒன்றும் இல்லை. நாற்றங்கால் ஓரிடம், நடவு வேறிடம் என்பது நம் உழவர்களுக்குத் தெரிந்ததே.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “நாற்பது பேருக்காகவா?” என்றுதான் மறுபடியும் கேட்டார். பேச்சு வேறு எங்கோ போயிற்று. தன் தாயார் மறைந்தபோது எழுதிய கட்டுரையை நமக்குக் காட்ட விரும்பினார். கைப்பேசியில் நெடுநேரம் தேடினார். பிறகுதான் நினைவு வந்தது, அதை வலைப்பதிவில் எழுதவில்லை. துக்கத்தில் இருந்தபோது உடனே நண்பர்கள் படிக்கட்டும் என்று ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதினார். அன்று இருநூறு பேர் ஆறுதல் சொன்னார்கள். அந்தத் தளம் இன்று இல்லை. பிரதி எடுத்துவைக்கவும் இல்லை.

“அதில் அம்மா பேசுவதைப் போலவே ஒரு இடம் எழுதியிருந்தேன்,” என்றார். “இப்போது எழுதினால் அது வராது.”

கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கடையை மூடுவதைப் பற்றி அன்று அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.